நியூ பிரன்சுவிக் நரம்பு நோய்: "அப்படி ஒரு நோயே இல்லை" என்கிறார்கள். எப்படி எடுத்துக்கொள்வது?

#1 மல்லிகா_மாங்க்டன்

எல்லாருக்கும் வணக்கம். கனடாவின் கிழக்குக் கரையில், நியூ பிரன்சுவிக் மாகாணத்தில், மாங்க்டன் ஊரில் இருக்கிறேன். முதியோர் இல்லத்தில் இரவு ஷிப்ட் வேலை. 2025 மே மாதம் 'ஜாமா நியூராலஜி' என்ற நரம்பியல் மருத்துவ இதழில் வந்த கட்டுரையைப் படித்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. அதனால்தான் இந்த இழை.

தெரியாதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2021 மார்ச்சில் இங்கே மாகாணத் தலைமை மருத்துவ அதிகாரி அலுவலகம் மருத்துவர்களுக்கு அனுப்பிய ஒரு குறிப்பு பத்திரிகைக்காரர்கள் கைக்குப் போய்விட்டது. காரணம் தெரியாத ஒரு மூளை நோய், நாற்பதுக்கு மேற்பட்டவர்களுக்கு இருக்கலாம், மாங்க்டன் பக்கமும் அகேடியன் தீபகற்பத்திலும் (பிரெஞ்சு பேசுபவர்கள் வாழும் கடலோரப் பகுதி) அதிகம் என்று அதில் இருந்தது. முதல் நோயாளி 2015-லேயே வந்திருக்கிறார். மறதி, தசை துடிப்பு, தூக்கமின்மை, நடை தள்ளாட்டம், இல்லாதது கண்ணில் படுவது, காரணமில்லாத வலி. வயது பதினெட்டிலிருந்து எண்பதைத் தாண்டியவர்கள் வரை. எண்ணிக்கை 48 ஆனது. 2022 பிப்ரவரியில் மாகாணம் அமைத்த நரம்பியல் மருத்துவர் குழு, "இப்படி ஒரு தனி நோய் இல்லை, இவர்களில் பலருக்கு ஏற்கெனவே தெரிந்த நோய்கள்தான்" என்று அறிக்கை கொடுத்தது. இப்போது இந்தக் கட்டுரையும் அதையேதான் சொல்கிறது.

எங்கள் அடுக்ககத்தில் பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். அகேடியன் தீபகற்பத்துக்காரர், சிங்கி இறால் பிடித்தவர். மனைவி அந்தப் பட்டியலில் இருப்பதால், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டுமென்று கடற்கரை வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே வந்தார். அந்த அம்மாவுக்குச் சில ராத்திரிகளில் பக்கத்தில் படுத்திருப்பவர் கணவர் என்று தெரிவதில்லை. அவர் மாதிரியே இருக்கிற யாரோ என்று பயந்து கதவைத் திறந்து வெளியே வந்துவிடுவார். அப்போது பெரியவர் தன் இடது கட்டைவிரலைக் காட்டுவார். படகில் கயிறு இழுத்து வெட்டுப்பட்ட பழைய தழும்பு ஒன்று அதில் இருக்கிறது. அந்த அம்மா அதை விரலால் தடவிப் பார்த்து, "ஆமாம், நீதான்" என்பார். ஐந்து நிமிஷம். அப்புறம் மறுபடியும் முதலிலிருந்து.

வேலை முடிந்து காலையில் வரும்போது நான் இதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் "இல்லை" என்ற சொல்லை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. இங்கே மருத்துவம் தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

#2 உண்மை_விளம்பி

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கிளைஃபோசேட். அந்த மாகாணத்தில் காட்டுக்கு மேல் விமானத்தில் களைக்கொல்லி தெளிக்கிறார்கள். அகன்ற இலை மரமெல்லாம் சாக வேண்டும், விற்கிற ஊசியிலை மரம் மட்டும் வளர வேண்டும். பக்கத்து மாகாணமான கியூபெக் 2001-லேயே அரசுக் காடுகளில் இதை நிறுத்திவிட்டது. இவர்கள் நிறுத்தவில்லை. மர வியாபாரம் கெட்டுப்போகுமே! நோய் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால் யார் பதில் சொல்வது? அதனால் நோயே இல்லை என்கிறார்கள். முடிந்தது கதை.

#3 மதுரை_டாக்டர்

மல்லிகாம்மா, அந்தக் கட்டுரையை முழுவதும் படித்தேன். அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பிரித்துச் சொல்கிறேன்.

25 நோயாளிகளை எடுத்திருக்கிறார்கள். 14 பேரை வேறு நரம்பியல் மருத்துவர்கள் புதிதாகப் பார்த்திருக்கிறார்கள். மீதி 11 பேர் இறந்தவர்கள், மூளையைப் பிரேதப் பரிசோதனை செய்திருக்கிறார்கள். அல்சைமர், பார்க்கின்சன் வகைகள், புற்றுநோய் பரவியது, தலையில் அடிபட்டதன் விளைவு, செயல்சார் நரம்புக் கோளாறு (திசுவில் சேதம் இல்லாமல் மூளை இயங்கும் விதம் கெடுவது) என்று ஆளுக்கு ஒன்றாக வந்திருக்கிறது. எல்லாருக்கும் பொதுவான புது அடையாளம் மூளைத் திசுவில் எங்கும் இல்லை.

பிரேதப் பரிசோதனையை நான் மதிக்கிறேன். உயிரோடு இருப்பவரைப் பார்த்துச் சொல்வதில் தவறு நேரலாம். ஒரு விஷமோ புதுக் கிருமியோ மூளையைத் தின்றிருந்தால் திசுவில் பெரும்பாலும் தடம் விட்டிருக்கும். ஜப்பானில் மீனமாட்டா என்ற ஊரில் மீன் வழியாக உடலில் சேர்ந்த பாதரசம் அப்படித் தடம் விட்டது. சிஜேடி என்ற பிரியான் நோய் (உருக்குலைந்த புரதத்தால் வருவது) மூளையைப் பஞ்சு மாதிரி ஓட்டையாக்கும். முதலில் இவர்களுக்கெல்லாம் அதுதான் இருக்குமோ என்று சந்தேகப்பட்டுச் சோதித்தார்கள், இல்லை என்று வந்தது.

இன்னொன்று. பட்டியலில் இருந்த பெரும்பாலானவர்களைச் சேர்த்தவர் அலியர் மாரேரோ என்ற ஒரே நரம்பியல் மருத்துவர். நோயின் வரையறையும் அகலமாக இருந்தது. ஒரு சல்லடையின் கண் பெரிதாக இருந்தால் வேறு வேறு தானியமெல்லாம் ஒரே குவியலில் விழும். அவர் நல்லெண்ணத்தோடுதான் செய்தார் என்றே நினைக்கிறேன். வேறு யாரும் காது கொடுக்காத நோயாளிகளிடம் அவர் மணிக்கணக்கில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்.

பக்கத்து வீட்டு அம்மாவுக்கு நடப்பது நூற்றுக்கு நூறு உண்மை. கணவனை வேறு ஆள் என்று நினைப்பதற்குக் காப்கிராஸ் மாயை என்று பெயர். லூவி பாடி மறதி நோயில் இதை நானே பார்த்திருக்கிறேன். 'புது நோய் இல்லை' என்றால் 'நோய் இல்லை' என்று அர்த்தம் இல்லை. இந்த வித்தியாசத்தை அந்த ஊரில் யாராவது அந்தக் குடும்பத்தின் முன்னால் உட்கார்ந்து சொன்னார்களா என்பதுதான் என் கேள்வி.

#4 மல்லிகா_மாங்க்டன்

சொல்லவில்லை டாக்டர். ஒரு கடிதம் வந்தது. வேண்டுமானால் வேறு மருத்துவரிடம் இரண்டாவது கருத்து கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தது. பெரியவர் அதை ஃப்ரிட்ஜில் காந்தத்தால் ஒட்டி வைத்திருக்கிறார். போகவும் இல்லை, கிழிக்கவும் இல்லை.

#5 நெய்தல்

டாக்டர் மீனமாட்டாவைச் சொன்னதால் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். மக்கள் ஏன் நம்புவதில்லை என்பதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

ஜப்பானில் ஷிரானுய் கடலோரம். முதலில் பூனைகள்தான். கிறுகிறுவென்று சுற்றி, ஆடி, கடலில் விழுந்து செத்தன. அப்புறம் குழந்தைகள். 1956 மே 1-ஆம் தேதி, கழிவை அந்தக் கடலில் விட்டுவந்த சிஸ்ஸோ ரசாயனத் தொழிற்சாலையின் சொந்த மருத்துவமனைத் தலைவர் ஹோசோகவா ஹாஜிமே, மூளையைத் தாக்கும் காரணம் தெரியாத நோய் என்று சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவித்தார். தொற்று நோய் என்று பயந்து அந்த வீடுகளுக்கு மருந்தடித்தார்கள். அக்கம்பக்கம் ஒதுக்கியது.

அந்த ஆண்டே மீன்தான் என்ற சந்தேகம் வந்துவிட்டது. 1957-இல் குமமோட்டோ மாகாணம் அந்த விரிகுடா மீனைத் தடை செய்யலாமா என்று தலைநகரைக் கேட்டது. விரிகுடாவில் உள்ள அத்தனை மீனும் விஷம் என்பதற்குத் தெளிவான ஆதாரம் இல்லை, ஆகவே சட்டத்தைப் பயன்படுத்த முடியாது என்று பதில் வந்தது. அத்தனை மீனும்! இந்த ஒரு வார்த்தையால் எத்தனை வீட்டில் அன்றைக்கும் மறுநாளும் குழம்பு கொதித்திருக்கும் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

1959-இல் குமமோட்டோ பல்கலைக்கழகம் கரிமப் பாதரசம் என்று சொன்னது. அதே ஆண்டு ஹோசோகவா தொழிற்சாலைக் கழிவைப் பூனைக்கு உணவில் கலந்து கொடுத்துப் பார்த்தார். 400-ஆம் எண் பூனை. அதுவும் அதே மாதிரி ஆடியது. நிறுவனம் அதை வெளியே விடவில்லை. ஜப்பான் அரசு காரணத்தை அதிகாரபூர்வமாக ஒப்புக்கொண்டது 1968 செப்டம்பரில்தான். அந்தப் பாதரசக் கழிவுக்குக் காரணமான அசிட்டால்டிஹைடு என்ற ரசாயனத்தின் உற்பத்தியே நின்றுபோன பிறகு.

பன்னிரண்டு வருடம். இது பழங்கதை என்றும் சொல்ல முடியாது. 2024 மே 1 நினைவு நாளில் பாதிக்கப்பட்டவர்கள் சுற்றுச்சூழல் அமைச்சரிடம் பேசிக்கொண்டிருந்தபோது, மூன்று நிமிடம் தாண்டியதும் மைக்கை அணைத்துவிட்டார்கள். இறந்துபோன மனைவியைப் பற்றி ஒரு கணவர் பேசிக்கொண்டிருந்தார். ஊர் கொதித்ததும் அமைச்சர் நேரில் போய் மன்னிப்புக் கேட்டார்.

நியூ பிரன்சுவிக்கும் மீனமாட்டாவும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அங்கே எல்லாருக்கும் ஒரே மாதிரி அறிகுறி, ஒரே கடல், ஒரே மீன். இங்கே அப்படி இல்லை என்பது தெரிகிறது. ஆனால் "ஆதாரம் இல்லை" என்று ஓர் அரசு சொல்லும்போது, "தேடினீர்களா?" என்று திருப்பிக் கேட்கிற உரிமையை மக்களுக்கு வாங்கிக் கொடுத்தது மீனமாட்டாதான்.

#6 உண்மை_விளம்பி

அதைத்தான் நானும் சொன்னேன். மாரேரோ 2023 ஜனவரியில் அரசுக்குக் கடிதம் எழுதினார். நோயாளிகளின் உடலில் கிளைஃபோசேட்டும் மற்ற ரசாயனங்களும் அதிகம் இருக்கிறது, ஆராயுங்கள் என்று கேட்டார். அதற்கு முன்பே 2022-இல் அவரை இந்த நோயாளிகளுக்கென்று தொடங்கிய சிறப்புப் பிரிவிலிருந்து விலக்கியாகிவிட்டது. 2025-இல் அவர் கணக்குப்படி இந்த அறிகுறிகள் 500 பேருக்கு மேல். கனடாவின் சிஜேடி கண்காணிப்பை நடத்திய மைக்கேல் கூல்தார்ட், அரசியல் காரணத்துக்காகத் தன்னை இதிலிருந்து ஒதுக்கிவிட்டார்கள் என்று நம்புவதாக மின்னஞ்சலில் எழுதியது 2024-இல் வெளியே வந்தது. ஒரு விஞ்ஞானியே இப்படிச் சொன்ன பிறகும் டாக்டர் சல்லடை உதாரணம் சொல்கிறார். டாக்டர்கள் டாக்டர்களைத்தான் காப்பாற்றுவார்கள்.

#7 வன்னியான்

விளம்பி, கொஞ்சம் பொறுங்கள். டாக்டர் ஒருவரையும் காப்பாற்றவில்லை, வாசித்ததைச் சொன்னார். நான் டொரோண்டோவில் இருக்கிறேன், சொந்த இடம் வவுனியாப் பக்கம். கிளைஃபோசேட் விசயத்தில் எங்களுக்கு ஒரு அனுபவம் இருக்கு.

இலங்கையில் வடமத்திய மாகாணத்தில், அனுராதபுரம், பொலன்னறுவைப் பக்கம், 1990-களில் இருந்து காரணம் தெரியாத சிறுநீரக நோய். வயல் வேலை செய்கிற ஆக்கள்தான் கூட. நரம்பு நோய் இல்லை என்றாலும் கதை இதே கதைதான். கடின நீர் என்றார்கள், புளோரைடு என்றார்கள், வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்வது என்றார்கள், கிளைஃபோசேட் என்றார்கள். 2015-இல் அரசாங்கம் கிளைஃபோசேட்டைத் தடை செய்தது. சனம் சந்தோஷப்பட்டது, எங்கட வீட்டிலும்தான். பிறகு என்ன நடந்தது? தேயிலைத் தோட்டத்தில் களை மண்டி, 2018-இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் திரும்ப அனுமதித்தார்கள். காரணம் இதுதான் என்று இன்றைக்கும் ஒருத்தரும் அடித்துச் சொல்லவில்லை. தடை போட்டதும் தேடல் முடிந்தமாதிரி ஒரு தோற்றம் வந்ததுதான் மிச்சம். நோயாளிகள் டயாலிசிஸ் வரிசையில் அப்படியே நிற்கிறார்கள்.

களைக்கொல்லி நல்லது என்று சொல்ல வரவில்லை. என் கையால் தெளித்திருக்கிறேன், அந்த மணம் இன்றைக்கும் தலையிடி தரும். ஆனால் வில்லனை முதலே தீர்மானித்துவிட்டால் வேறு ஒன்று பக்கத்தால் நழுவிப் போகும்.

#8 மதுரை_டாக்டர்

விளம்பி தம்பி, கோபம் நியாயமானது, எனக்கு வருத்தமில்லை. ஒன்று மட்டும் யோசித்துப் பாருங்கள். கிளைஃபோசேட் இன்று ஊரெங்கும் சாப்பாட்டில் இருக்கிறது. எந்த ஊரில் நூறு பேரின் சிறுநீரைச் சோதித்தாலும் பலருக்கு வரும். நோயாளிகளுக்கு இருப்பது போதாது. அதே ஊரில், அதே வயதில், நோய் இல்லாதவர்களுக்கு எவ்வளவு இருக்கிறது என்று பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்த ஒப்பீடு இல்லாமல் அந்த எண்ணுக்கு உயிர் இல்லை. இதை நான் மாரேரோவைக் குறைத்துச் சொல்லவில்லை. அந்த ஒப்பீட்டை ஒரு தனி மருத்துவரால் செய்ய முடியாது, அரசால்தான் முடியும். செய்திருக்க வேண்டும்.

அரசு முயன்றால் முடியும் என்பதற்கு உதாரணம் அதே கடலில் இருக்கிறது. நியூ பிரன்சுவிக்குக்கு எதிரே பிரின்ஸ் எட்வர்ட் தீவு. 1987 கடைசியில் அந்தத் தீவின் மட்டி சாப்பிட்டவர்களுக்கு வாந்தி, அப்புறம் குழப்பம், சிலருக்கு நிரந்தரமாக ஞாபகம் போய்விட்டது. நூறு பேருக்கு மேல் பாதிப்பு, 3 பேர் இறந்தார்கள். கனடா அரசு விஞ்ஞானிகள் மட்டி விற்பனையை நிறுத்தி, இரவு பகலாக உட்கார்ந்து, சில நாட்களில் டோமாயிக் அமிலம் என்று கண்டுபிடித்தார்கள். ஒரு நுண்பாசி உண்டாக்கும் விஷம், மட்டி அதை வடிகட்டிச் சேர்த்து வைக்கிறது. அதுவரை மட்டியில் அப்படி ஒரு விஷத்தை யாரும் தேடியதே இல்லை. இன்று உலகம் முழுக்க மட்டியை அதற்காகச் சோதிக்கிறார்கள்.

அதே நாடு, அதே அரசு அமைப்பு. முப்பது சொச்சம் வருடம் கழித்து மக்கள் ஏன் அதே அமைப்பை நம்பவில்லை? 1987-இல் சாப்பிடாதீர்கள் என்று முதலில் சொல்லிவிட்டுத் தேடினார்கள். 2021-இல் மக்களுக்குச் செய்தி கசிந்துதான் தெரிந்தது. முதல் வார்த்தை எங்கிருந்து வந்தது என்பதை நோயாளி மறக்கமாட்டார். என் அனுபவத்தில் சொல்கிறேன், பக்கத்துப் படுக்கைக்காரரிடமிருந்து தன் நோயைத் தெரிந்துகொண்டவர், அதற்குப் பிறகு நான் எதைச் சொன்னாலும் இரண்டு தரம் யோசிப்பார்.

#9 கோதாவரிக்கரை

ஏலூரை யாரும் சொல்லவில்லையே. நான் ஆந்திராவில் வேலை பார்க்கிறேன், 2020 டிசம்பரில் ஏலூருக்குப் பக்கத்தில்தான் இருந்தேன். டிசம்பர் 5 சாயங்காலம் ஆரம்பித்தது. நின்றுகொண்டிருந்தவர்கள் அப்படியே வலிப்பு வந்து விழுந்தார்கள், வாயில் நுரை. சில நாட்களில் அறுநூறு பேருக்கு மேல். ஒருவர் இறந்தார். கொரோனா காலம் வேறு, ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டாலே குலை நடுங்கும். பெரும்பாலானவர்கள் ஒரே நாளில் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

டெல்லி எய்ம்ஸ் ரத்தத்தில் ஈயமும் நிக்கலும் என்றது. வேறு ஆய்வகங்கள் பூச்சிக்கொல்லி என்றன. தண்ணீரா, காய்கறியா, காற்றா என்று ஊரில் ஒரு மாதம் சண்டை. எங்கள் வீட்டில் கத்தரிக்காயை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, மூன்று தடவை கழுவி, அப்புறமும் பயந்து பயந்து சாப்பிட்டோம். இன்றைக்கு அங்கே யாரைக் கேட்டாலும் ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள், அரசு சொன்னதைச் சொல்பவர் மட்டும் குறைவு.

#10 மல்லிகா_மாங்க்டன்

எல்லாருடைய பதிவையும் இரண்டு தடவை படித்தேன். டாக்டர் சொன்ன 1987 கதையை இன்று காலை பெரியவரிடம் என் அரைகுறைப் பிரெஞ்சில் கேட்டேன். அவருக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "அப்போது எங்களுக்கும் வியாபாரம் படுத்தது. ஆனால் கோபம் வரவில்லை, வந்து சொன்னார்கள்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

எனக்கு இன்னமும் உறுத்துவது ஒன்றுதான். 2021-இல் அரசுத் தரப்பில் நோயாளிகளிடம் கேள்வித்தாள் வைத்துப் பேட்டி எடுத்தார்கள். என்ன சாப்பிட்டீர்கள், எங்கே போனீர்கள் என்று பக்கம் பக்கமாகக் கேட்டார்கள். பொதுவான உணவோ சூழலோ இல்லை என்று அந்த ஆண்டு அக்டோபரில் அறிக்கை வந்தது. மறதி நோயாளியிடமும் அவர் வீட்டாரிடமும் வருடக்கணக்கான சாப்பாட்டைக் கேட்டு எழுதிய பதில் அது. "எங்கள் வீட்டுக்கு வந்து மண்ணும் தண்ணீரும் எடுத்தார்களா?" என்பதுதான் குடும்பங்கள் திரும்பத் திரும்பக் கேட்பது. பெரியவரின் கடற்கரை வீட்டில் கிணறு. இங்கே கிராமங்களில் நிறையப் பேருக்குச் சொந்தக் கிணறுதான். நாற்பது வருடம் அந்தத் தண்ணீரில்தான் சமையல். ஒருவரும் ஒரு சொட்டு எடுத்துப் பார்க்கவில்லை.

இப்போது புது அரசு. சூசன் ஹோல்ட் 2024 அக்டோபர் மாகாணத் தேர்தலில் ஜெயித்து முதல்வராக வந்தார், விசாரிப்போம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார், வேலை ஆரம்பித்திருக்கிறது. நல்லது. ஆனால் கட்டுரையைப் பார்த்த பிறகு பெரியவர் டிவியை அணைத்துவிட்டார்.

டாக்டர், ஒரு சந்தேகம். முதலில் 48 ஆக இருந்த பட்டியல் கட்டுரையில் 222 பேர் என்று இருக்கும்போது 25 பேரை மட்டும் பார்த்துவிட்டு எப்படி முடிவு சொல்லலாம்?

#11 மதுரை_டாக்டர்

நியாயமான கேள்வி, அந்தக் கட்டுரையின் பலவீனமும் அதுதான். உயிரோடு இருக்கிற பலரைக் கூப்பிட்டிருக்கிறார்கள், மறுத்தவர்களும் பதில் போடாதவர்களும்தான் அதிகம். உங்கள் பெரியவர் கடிதத்தை ஃப்ரிட்ஜில் ஒட்டியதைப் போல நிறையப் பேர் ஒட்டியிருப்பார்கள். நம்பிக்கை போனதால் போகவில்லை, போகாததால் ஆய்வு சிறியதானது, ஆய்வு சிறியது என்பதால் நம்பிக்கை வரவில்லை. யாரைக் குறை சொல்வது? முதலில் உடைத்தவர்களைத்தான் சொல்வேன். அது நோயாளிகள் இல்லை.

இருந்தாலும் அம்மா, நான் அவரிடம் போகச் சொல்வேன். ஒரு காரணம்தான். பெயர் தெரிந்த நோய்களில் சிலவற்றுக்கு வைத்தியம் இருக்கிறது. லூவி பாடியாக இருந்தால், மாயக்காட்சிக்கு என்று சாதாரணமாகக் கொடுக்கும் சில மாத்திரைகள் அவர்களை இன்னும் மோசமாக்கும். அந்த அம்மா இப்போது அப்படி ஏதாவது சாப்பிட்டுக்கொண்டிருந்தால்? செயல்சார் கோளாறு என்று வந்தால் நடிப்பு என்று அர்த்தமே இல்லை. மூளையின் கம்பி அறுபடவில்லை, செய்தி போகிற விதம் கெட்டிருக்கிறது. பயிற்சியில் பலர் தேறுகிறார்கள். 'மர்ம நோய்' என்ற பெயரோடு வீட்டிலேயே இருந்தால் இதெல்லாம் கைக்கு வராது. எனக்கு இந்த விஷயத்தில் ஆதங்கமே அதுதான்.

போகும்போது, இதுவரை எடுத்த ஸ்கேன் எல்லாவற்றையும் பிரதி கேட்டு வாங்கச் சொல்லுங்கள். என்ன நோய் என்று சொன்னால், எந்த ஆதாரத்தை வைத்து, எவ்வளவு நிச்சயம் என்று கேளுங்கள். ராத்திரி கணவரை அடையாளம் தெரியாமல் போவதைத் தேதி போட்டு எழுதிக் கொடுங்கள். எந்த மாத்திரை சாப்பிட்ட நாளில் அதிகம் என்றும் எழுதுங்கள். கிணற்றுத் தண்ணீரை நீங்களே சோதனைக்குக் கொடுக்கலாம், ஆர்செனிக், மாங்கனீஸ், ஈயம் மூன்றையும் கேளுங்கள். வீட்டுப் பாட்டிலில் எடுக்காதீர்கள், ஆய்வகம் தரும் பாட்டிலில்தான் எடுக்க வேண்டும். அதில் ஒன்றும் வராமல் போகலாம். வராவிட்டாலும், ஒருவர் பார்த்தார் என்றாவது இருக்கும்.

#12 உண்மை_விளம்பி

டாக்டர், 6-ஆம் பதிவில் கடைசி வரி தப்பு. மன்னித்துக்கொள்ளுங்கள். என் சித்தப்பா சாயப்பட்டறைத் தண்ணீரில் விவசாயம் பார்த்தே போனவர், அந்தக் கோபம். தெளிப்பை நிறுத்த வேண்டும் என்பதில் மட்டும் நான் மாறவில்லை.

#13 மதுரை_டாக்டர்

மாற வேண்டியதும் இல்லை தம்பி.

#14 மல்லிகா_மாங்க்டன்

தாமதத்துக்கு மன்னிக்கவும், தொடர்ந்து நைட் ஷிப்ட். டாக்டர் எழுதியதைப் பிரெஞ்சில் மாற்றி, பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெரியவர் கண்ணாடி போட்டுக்கொண்டு சாப்பாட்டு மேசையில் வைத்து முழுவதும் படித்தார். மாத்திரை பற்றிய இடத்தில் நிறுத்தி, எழுந்து போய் மருந்து டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் கொட்டினார். பெயர்களை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டோம். பத்து இருக்கிறது. இரண்டு எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை.

கடிதத்தை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்து, "நீ போன் செய்" என்றார். செய்தேன். அடுத்த மாதம் ஒரு வியாழக்கிழமை கொடுத்திருக்கிறார்கள். நான் லீவு சொல்லிவிட்டேன், கூடப் போகிறேன்.

தண்ணீர் விஷயம்: போன ஞாயிறு அவரே ஊருக்குப் போய் கிணற்றுத் தண்ணீரை ஒரு ஜாம் பாட்டிலில் பிடித்து வந்துவிட்டார். அது செல்லாது, ஆய்வக பாட்டில் வந்ததும் மறுபடியும் போகலாம் என்றேன். சரி என்றார். ஆனால் ஜாம் பாட்டிலைக் கொட்டவில்லை. மூடியில் தேதி எழுதி, சமையலறை ஜன்னலில் வைத்திருக்கிறார்.